மாமா வெட்டிய படம்

ஒரு தீபாவளி, ஒரு தைப்பொங்கல், அதற்குப் பிறகு வந்த தோட்டத்து மாரியம்மன் திருவிழா, இவ்வளவு காலமும் நான் என் மாமாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் வாங்கி வந்த சட்டையைப் போட்டுக்கொண்டேன். பதுளையிலிருந்து அவர் கொண்டு வந்த பூந்திப் பொட்டலத்தைப் பிரித்துத் தின்றேன். அதெல்லாம் வேறு விஷயம். பேச்சு மட்டும் கிடையாது. அவர் எதிரே வந்து நின்றால் நான் திரும்பிச் சுவரைப் பார்ப்பேன். எனக்குக் கோபம் வந்தால் இலேசில் போகாது. என்னைத் தெரிந்தவர்களுக்கு இது புதுச் செய்தி அல்ல. அப்போது எனக்கு வயது ஒன்பதோ பத்தோ இருக்கும். ஆனால் காரணம் சின்னப்பிள்ளைத்தனமானது அல்ல. நான் வரைந்த படத்திலிருந்து அவர் என் அம்மாவை வெட்டி எடுத்துவிட்டார். அப்படித்தான் அவரே தன் வாயால் சொன்னார்.

மாமா என் அம்மாவுக்கு ஒரே தம்பி. எங்கள் தோட்டம் பதுளைக்கும் பசறைக்கும் நடுவே மலைச்சரிவில் இருந்தது. அங்கே பேர் பதிந்து, தேயிலைச் செடியைக் கழிக்கும் கவ்வாத்துக் கத்தி பிடிக்க மாட்டேன் என்று வீம்பு பிடித்து, பதுளைக் கடைத்தெருவில் படங்களுக்குக் கண்ணாடியும் சட்டமும் போடும் ஒரு கடையில் போய்ச் சேர்ந்துகொண்டவர். தலையில் எண்ணெய் வழிய, சட்டைப் பையில் சீப்போடு ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி வருவார். அவர் வந்தால் லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்குள்தான். வாயைத் திறந்தால் பொய். பதுளையில் இருக்கும் சாமிகளில் பாதிக்கு மேல் தன் கையால் கட்டிய வீட்டில்தான் குடியிருக்கின்றன என்பார். அப்பா மட்டும் சிரிக்க மாட்டார். அப்பா தேயிலை அரைக்கும் ஸ்டோரில் வேலை செய்தார். மச்சான் தோட்டத்தை விட்டுப் போனதில் அவருக்கு ஒரு பொறாமை இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

பள்ளிக்கூட விடுமுறையில் சில நாள் என்னை மாமாவோடு கடைக்கு அனுப்புவார்கள். கண்ணாடித் தூள் மினுங்கும் மேசைக்குக் கீழே உட்கார்ந்து, அவர் கழித்துப் போடும் அட்டைத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருப்பேன். கடைக்கு வரும் படங்கள் மூன்றே சாதி. சாமி, செத்துப்போனவர்கள், கல்யாணம். சாமியும் செத்தவர்களும் ஒரு தொந்தரவும் தருவதில்லை என்பார் மாமா. வம்பெல்லாம் கல்யாணப் படத்தில்தான். கல்யாணத்தில் வரிசையாக நின்று படம் பிடித்துக்கொண்டவர்கள் பிறகு சண்டை போட்டுக்கொள்வார்கள். உடனே படத்தைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்து, ஓரத்தில் நிற்கும் இவனை எடுத்துவிடு என்பார்கள்.

மாமா எடுக்க மாட்டார், வெட்டவும் மாட்டார். படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு தடித்த அட்டை வைப்பது அவர் தொழில். நடுவில் ஜன்னல் மாதிரி திறப்பு வைத்து, விளிம்பைச் சவர பிளேட்டால் சரிவாகச் சீவியிருப்பார். மவுண்ட் என்பார்கள். அது அழகுக்கு மட்டும் அல்ல. மலைநாட்டு ஈரத்தில் கண்ணாடி படத்தைத் தொட்டால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும், பூஞ்சணம் பிடிக்கும். அட்டை நடுவில் நின்றால் படம் தப்பிக்கும். சண்டைக்காரர்கள் வந்தால் மாமா செய்வதெல்லாம் அந்த ஜன்னலைக் கொஞ்சம் சின்னதாக வெட்டுவதுதான். ஓரத்து ஆள் அட்டைக்குப் பின்னால் போய்விடுவான். சண்டை நடுவில் நிற்பவனோடு என்றால் மட்டும் கையை விரித்துவிடுவார், மாப்பிள்ளையை என்னால் மூட முடியாது என்று.

பசறையில் ஒரு கடைக்காரர் குடும்பம் இப்படித் தம்பியை மூடி வைத்திருந்தது. வருடங்கள் கழித்துச் சமாதானமாகிப் படத்தைத் திரும்பக் கொண்டு வந்தார்கள். மாமா அட்டையைத் தூக்கிய நேரம் நானும் பார்த்துக்கொண்டு நின்றேன். வெளிச்சத்தில் நின்ற அண்ணன், அண்ணி, மாமியார் எல்லோரும் மஞ்சளாகிப் போயிருந்தார்கள். உள்ளே கிடந்த தம்பி மட்டும் கல்யாணத்தன்று இருந்த மாதிரியே பளிச்சென்று வந்து நின்றார். அண்ணிக்கு அதற்கும் கோபம் வந்துவிட்டது. அவர்கள் போன பிறகு மாமா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"வெட்டிட்டா முடிஞ்சிச்சு குட்டி. மூடுனா, சண்ட தீந்தோன்ன தொறக்கலாம்ல?"

இதையெல்லாம் கண்ணால் பார்த்தவள், அவர் என் அம்மாவை வெட்டினார் என்று எப்படி நம்பினாய் என்று கேட்கலாம். அதைச் சொல்வதற்கு முன்னால் கொழுந்துக் கூடையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் டிவிஷனில் ஒரு கணக்கப்பிள்ளை இருந்தார். கொழுந்து நிறுப்பது, பேர் போடுவது, பிந்தி வந்தவர்களைத் திருப்பி அனுப்புவது எல்லாம் அவர் கையில். காடு மேடெல்லாம் சேறாக இருந்தாலும் அவருடைய கறுப்புச் சப்பாத்து மட்டும் முகம் தெரிய மினுங்கும். ஒரு நாள், வேலைக்குப் பேர் கூப்பிடும் காலைப் பெரட்டில், கொஞ்சம் பிந்தி வந்த ஒரு பிள்ளைத்தாய்ச்சியை வேலை இல்லை என்று அவர் திருப்பி அனுப்பினார். அம்மா வரிசையிலிருந்து, அவளால் ஓடி வர முடியுமா ஐயா என்று கேட்டுவிட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். அவர் அடுத்த பேரைக் கூப்பிட்டார். அவள் கேட்டதைப் பின்னேரம் வரைக்கும் மனதில் வைத்துக்கொண்டிருந்தார்.

அன்று விடுமுறை. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் அம்மாவுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். நல்ல வெயில். அம்மாவின் முறை வந்ததும் கணக்கப்பிள்ளை கூடைக்குள் கையை விட்டு இரண்டு முற்றிய இலையை எடுத்து எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். பிறகு சப்பாத்து நுனியால் கூடையை ஒரு தள்ளு தள்ளினார். கொழுந்தெல்லாம் தரையில் கொட்டியது.

"பொறுக்கு. ஒரு முத்தின எல இருந்தாலும் நிறுக்க மாட்டேன்."

அம்மா முழங்காலில் இறங்கினாள். இடுப்பில் சுற்றியிருந்த படங்குச் சாக்கை விரித்து அதில் இலை இலையாகப் பொறுக்கிப் போட்டாள். அவள் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி அந்தச் சப்பாத்து அசையாமல் நின்றது. சுற்றிலும் அத்தனை பெண்கள், அத்தனை கங்காணிமார், ஒரு வாய் திறக்கவில்லை. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை என்பார்கள். நான் சொல்லுவேன். ஒருவராவது குனிந்து ஒரு கை கொழுந்தை அள்ளிப் போட்டிருக்கலாம்.

நான் ஓடிப்போய் அள்ளினேன். வீரத்தால் அல்ல, சந்தோஷத்தால். இதைத்தான் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அம்மா விடியற்காலையில் போய் இருட்டுகிற நேரம் வருகிறவள். பார்க்கும்போதெல்லாம் முதுகில் கூடையோ தலையில் விறகோ இருக்கும். அவள் முகம் எப்போதும் எனக்கு உயரத்தில். அன்றைக்கு முதன்முதலாக அவள் என் உயரத்துக்கு இறங்கி வந்து, என் பக்கத்தில், என்னோடு சேர்ந்து இலை பொறுக்கினாள். அவள் முகம் நனைந்திருந்தது. கொழுந்திலிருந்து தண்ணீர் தெறித்திருக்கிறது என்று நினைத்தேன். இருவருமாக ஒரு விளையாட்டு விளையாடிய மாதிரி இருந்தது எனக்கு.

அதற்குக் கொஞ்ச காலத்துக்குப் பிறகு, தோட்டத்தை எடுத்து நடத்த வந்த கம்பெனிக்காரர்கள் ஸ்டோரில் ஒரு புது அறை கட்டினார்கள். வெளிநாட்டிலிருந்து தேயிலை வாங்க வருகிறவர்கள் உட்கார்ந்து தேநீர் ருசி பார்ப்பதற்கான அறை. சுவரில் மாட்டுவதற்குத் தோட்டத்துப் பிள்ளைகள் வரைந்த படம் ஒன்று வேண்டும், தலைப்பு ‘எங்கள் தோட்டம்’ என்று பள்ளிக்கூடத்துக்குச் சொல்லி அனுப்பினார்கள். பதுளையிலிருந்து வந்து போகும் யாழ்ப்பாணத்து டீச்சர் ஒருவர் எங்களுக்குச் சித்திரம் படிப்பித்தார். அவர் தன்னுடைய கலர்ப் பேனைகளை எனக்கு இரவல் தந்தார். அந்தப் பேனைகளின் வாசம் இன்னும் மூக்கில் இருக்கிறது.

பெரிய தாளில் மலை வரைந்தேன், ஸ்டோர் வரைந்தேன், தோட்டத்தை ஆளும் தொரையின் பங்களா வரைந்தேன். மேல் மூலையில் கதிரெல்லாம் வைத்துப் பெரிய மஞ்சள் சூரியன். எங்கள் தோட்டம் என்றால் எனக்கு முதலில் வர வேண்டியது அம்மா. அவளுக்கென்று கீழே ஒரு பெரிய இடம் விட்டிருந்தேன். அங்கே அவள் முழங்காலில் இருக்கிறாள். பக்கத்தில் சாய்ந்து கிடக்கும் கூடை, சிந்திய பச்சை இலைகள், பக்கத்தில் நான். ஓரத்தில் இரண்டு கறுப்புச் சப்பாத்து, அதற்கு மேல் இடம் போதவில்லை. அம்மாவின் முகத்தில் மறக்காமல் நீலச் சொட்டுகளும் வைத்தேன். எனக்குத் தெரிந்த மிகவும் சந்தோஷமான நாளை நான் வரைந்திருந்தேன்.

டீச்சர் படத்தை எடுத்து வெகுநேரம் பார்த்தார்.

"இது ஆர் பிள்ளை?"

"எங்கம்மா டீச்சர்."

"முகத்தில என்ன?"

"தண்ணி டீச்சர்."

வேறு பிள்ளைகள் நன்றாக வரைந்திருந்தார்கள், நேரான கோடு போட்டிருந்தார்கள். ஆனால் டீச்சர் என் படத்தைத்தான் எடுத்தார். தலைமை ஆசிரியர் ஏதோ தயங்கியபோது, "இதை அவையள் ஒவ்வொரு நாளும் பார்க்கத்தான் வேணும்" என்று டீச்சர் அழுத்திச் சொன்னது என் காதில் விழுந்தது. படம் அவ்வளவு அழகாக இருக்கிறது போல என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. மாமா சட்டம் போடுகிறவர் என்று சொன்னதும், செய்தித்தாளில் சுருட்டி என்னிடமே கொடுத்தனுப்பினார்.

அன்று சாயங்காலம் அம்மா வேலையிலிருந்து வந்து கைகால் கழுவியதும், காம்பரா நடுவில் படத்தை விரித்துக் காட்டினேன். சுருண்டுகொள்ளாமல் இருக்க நான்கு மூலையிலும் நாலு தேத்தண்ணிக் கோப்பை வைத்தேன். அம்மா குனிந்து பார்த்தாள். விரலால் அந்தச் சப்பாத்தைத் தொட்டாள்.

"இது நானா?"

"ஆமா. இந்தா, நான்."

"எங்க மாட்டப் போறாங்க?"

சொன்னேன். தொரை வருவார், வெள்ளைக்காரர்கள் வருவார்கள், கணக்கப்பிள்ளை ஐயாவும் வருவார், எல்லாரும் உன்னைப் பார்ப்பார்கள் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். அம்மா கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். படம் தானாகச் சுருண்டுகொண்டது. அதைத் தூக்கிப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்து சோறு தின்றுவிட்டுக் கிளம்பியபோது, அம்மா படத்தைத் தானே கையில் எடுத்துக்கொண்டு அவரோடு பஸ் ஏறும் இடம் வரைக்கும் நடந்தாள். அப்படி ஒரு நாளும் அவள் செய்ததில்லை. நானும் வருவேன் என்று பின்னால் ஓடினேன். பாதி வழியில் திரும்பி, "போடி வீட்டுக்கு" என்று ஒரு அதட்டுப் போட்டாள். மேட்டில் நின்று பார்த்தேன். பஸ் வரும் வரைக்கும் இருவரும் பேசிக்கொண்டே நின்றார்கள். மாமா தலையை ஆட்டவே இல்லை. பஸ் வந்த பிறகுதான் ஆட்டினார்.

அறை திறந்த அன்று எங்களை வெள்ளைச் சீருடையில் கொண்டு போய் வரிசையாக நிறுத்தினார்கள். பள்ளத்தாக்குப் பக்கமாகப் பெரிய கண்ணாடி ஜன்னல், அதற்கு எதிர்ச் சுவரில் துணி போட்டு மூடிய என் படம். பெரிய தொரை, கம்பெனிக்காரர்கள், கிளாக்கர் ஐயா, கோட்டுப் போட்டுக்கொண்டு கணக்கப்பிள்ளை. அம்மா இல்லை. அம்மாவை யாரும் கூப்பிடவில்லை. அவள் அந்த ஜன்னலுக்கு வெளியே, எதிர் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். தொரைசாணி துணியை இழுத்தார். எல்லோரும் கைதட்டினார்கள்.

கண்ணாடி மின்னியது. சந்தன நிறத்தில் அட்டை, கீழே மட்டும் மிக அகலமாக. அட்டையின் ஜன்னலுக்குள் மலை இருந்தது, ஸ்டோர் இருந்தது, பங்களா இருந்தது, சூரியன் இருந்தது. அதோடு படம் முடிந்துவிட்டது.

"எங்கம்மா எங்க?"

நான் கத்தியதில் கைதட்டல் நின்றுவிட்டது. ஒரு கம்பெனிக்காரர் கிளாக்கர் ஐயாவிடம் இங்கிலீஷில் ஏதோ கேட்டார். பிள்ளை தாயைத் தேடுகிறது என்று அவர் சொல்லியிருக்க வேண்டும். எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் என் தோளைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பி, தூரத்து மலையில் புள்ளி புள்ளியாகத் தெரிந்த பெண்களைக் காட்டினார். அதுதான் உன் அம்மா, அழாதே என்று. கணக்கப்பிள்ளை வந்து என் தலையைத் தடவிக் கொடுத்தார். "கெட்டிக்காரப் புள்ள" என்றார். அந்தக் கையை இப்போது நினைத்தாலும் எனக்குத் தலை குளிக்க வேண்டும் போல இருக்கிறது. பரிசாக ஒரு பெட்டி கலர்ப் பேனை தந்தார்கள். வாங்கிக்கொண்டேன். கோபம் கோபம், பேனை பேனை.

வெளியே வந்ததும் டீச்சர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். அவர் முகமும் சிவந்திருந்தது.

"ஆர் இதுக்குச் சட்டம் போட்டது?"

"எங்க மாமா."

"நல்ல மாமா" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்து போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா வாசலில் காலை வைத்ததும் பாய்ந்தேன். கையைக் கடித்தேன், சட்டைப் பையிலிருந்த சீப்பைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தேன். அட்டையைத் தூக்கு, அம்மாவை வெளியே விடு, நீதானே சொன்னாய் மூடினால் திறக்கலாம் என்று, இப்போதே போய்த் திற என்று கத்தினேன். லயமே வாசலில் கூடிவிட்டது. மாமா அடுப்படியைப் பார்த்தார். அம்மா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஊதுகுழலால் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். நன்றாக எரிந்துகொண்டிருந்த அடுப்பை.

"மூடலடி. வெட்டிட்டேன்" என்றார் மாமா. "பிரேமுக்கு அளவு பத்தல. கீழ வெட்டித் தூக்கிப் போட்டுட்டேன். இப்ப என்னாங்கிற?"

வாயைத் திறந்தால் பொய் சொல்கிற மனிதர் என்று எனக்குத் தெரியும். ஆனால் தன் தொழிலைப் பற்றி, தனக்கே அவமானமாக அவர் ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. அதனால்தான் நம்பினேன். அம்மா ஒன்றும் சொல்லாமல் இருந்தது எனக்கு அதைவிட எரிச்சலாக இருந்தது. தன்னை வெட்டிக் குப்பையில் போட்டிருக்கிறான், இவள் அவனுக்குச் சோறு போடுகிறாளே என்று அவளோடும் சில நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்பா எப்போதும் போல எதுவும் கேட்காமல் வேலைக்குப் போனார்.

பேச்சு மறுபடியும் தொடங்கியது மாமாவின் கல்யாணத்தில். படம் பிடிக்க வரிசையாக நின்றபோது நான் முறைத்துக்கொண்டு ஓரத்தில் போய் நின்றேன். மாப்பிள்ளைக் கோலத்தில் இருந்தவர் மாலையோடு வந்து என்னை இழுத்துப் பொண்ணுக்கும் தனக்கும் நடுவில் நிறுத்தினார். நடுவில் நில், அப்போதுதான் எவனாலும் உன்னை மூட முடியாது என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் மனதுக்குள் மன்னிக்கவில்லை.

பிறகு நான் படித்து, பதுளையிலேயே ஒரு பாடசாலையில் கணக்குப் படிப்பிக்கப் போனேன். மாமா கொழும்பில் சொந்தமாக ஒரு சின்னக் கடை வைத்தார். கணக்கப்பிள்ளை ஓய்வு பெற்றார். மாலை போட்டு, மேளம் அடித்து வழியனுப்பினார்கள். அந்த மாலைக்குப் பூப் பறித்தவர்களில் அம்மாவும் ஒருத்தி. பறிக்கச் சொன்னார்கள், பறித்தாள். ஒருநாள் ஸ்டோரையும் மூடினார்கள். ருசி பார்க்கும் அறையைக் காலி செய்தபோது குப்பையோடு கிடந்தது என்று அப்பா அந்தப் படத்தைச் சாக்கில் சுற்றிக் கொண்டு வந்தார். இப்படி ஒன்றை அவர் நினைவு வைத்திருப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அந்த வாரம் நான் வீட்டுக்கு வந்தபோது அது சுவரில் சாய்ந்து நின்றது.

கண்ணாடி கீறியிருந்தது. ஜன்னல் வெயில் அத்தனை வருடமும் நேராக அடித்ததில் படம் வெளுத்து ஒன்றுமில்லாமல் ஆகியிருந்தது. மலை சாம்பல். பங்களா ஒரு கறை. சூரியன் இருந்த இடமே தெரியவில்லை. சட்டத்தையாவது வைத்துக்கொள்ளலாம் என்று பின்பக்கம் திருப்பினேன். மாமா ஒட்டியிருந்த தடித்த தாளைக் கிழித்து, சின்ன ஆணிகளைக் குறட்டால் பிடுங்கிப் பலகையைப் படத்தோடு வெளியே எடுத்து முன்பக்கம் திருப்பினேன். மேலே இருந்த அட்டை கதவு மாதிரி மேல்நோக்கித் திறந்தது. மேல் விளிம்பில் துணிப் பட்டி வைத்துக் கீல் போல ஒட்டியிருந்தார்.

அட்டைக்குக் கீழே அம்மா இருந்தாள். முழுசாக. ஒரு நூல்கூட வெட்டவில்லை. சிந்திய கொழுந்து நேற்றுத்தான் வரைந்தது போலப் பச்சையாக இருந்தது. சப்பாத்து கறுகறுவென்று மினுங்கியது. தாளை மேலே இரண்டு இடத்தில் மட்டும் மெல்லிய காகிதத் துண்டால் மாப்பசை வைத்துத் தொங்கவிட்டிருந்தார், மழைக்கு ஊதவும் வெயிலுக்குச் சுருங்கவும் இடம் விட்டு. ஒரு பூச்சி அரிக்கவில்லை, ஒரு கறை இல்லை.

"மாமா வெட்டலையேம்மா" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே பேசினாள்.

"வெட்டித் தூக்கிப் போடுன்னுதான் நான் சொன்னேன். அவன் கேக்கல. புள்ள வரஞ்சத வெட்ட மாட்டேன்க்கா, மூடித் தாரேன்னான்."

"அப்பறம் ஏன் வெட்டிட்டேன்னு சொன்னாரு?"

"மூடியிருக்குன்னு தெரிஞ்சா நீ சும்மா இருந்திருப்பியா? அந்த டீச்சர்கிட்டச் சொல்லித் தொறக்க வச்சிருப்ப."

உண்மைதான். திறக்க வைத்திருப்பேன். அம்மா இப்போது நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அந்தாளு டீ குடிக்கிற ரூம்புல, நான் தெனமும் மண்டி போட்டுக்கிட்டே நிக்கணுமா, செவத்துல? ஒருவாட்டி பாத்தது பத்தாதாமா அவனுக்கு?"

அவளுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அத்தனை வருடம் அதை எங்கே வைத்திருந்தாளோ தெரியாது. டீச்சர் அதை அவர்கள் பார்க்க வேண்டும் என்றார், அது சரிதான். ஆனால் டீச்சர் பின்னேர பஸ்ஸில் பதுளைக்குப் போய்விடுவார். அடுத்த நாள் காலை பெரட்டில் அந்தச் சப்பாத்துக்கு முன்னால் போய் நிற்க வேண்டியவள் அம்மா. இதை என்னிடம் யாரும் சொல்லவில்லை, என்னைத் தவிர வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. என் கோபம் போய்விடவில்லை. இத்தனை காலமும் தப்பான ஆள் மேல் இருந்துவிட்டு, சரியான ஆளைத் தேடிப் போனபோது அந்த ஆள் மாலையோடு வீட்டுக்குப் போய்விட்டிருந்தார்.

இதை முழுசாகத் தெரிகிற மாதிரிச் சட்டம் போட்டு என் வீட்டில் மாட்டட்டுமா என்று கேட்டேன். அம்மா கீரைத் தண்டைக் குப்பையில் போட்டாள்.

"ஓன் வீடு. மாட்டிக்க. நான் வாரப்ப மட்டும் மூடி வையி."

அப்படித்தான் மாட்டியிருக்கிறேன், மாமா செய்த அதே அட்டையோடு, வெயில் படாத சுவரில், அட்டையைத் தூக்கவும் இறக்கவும் வசதியாகக் கண்ணாடி போடாமல். அம்மா வந்தால் இறக்கிவிடுவேன். அவள் போனதும் தூக்குவேன். அப்போது ஒவ்வொரு முறையும் என் கண் அந்த முகத்துக்குத்தான் போகும். மேல் மூலையில் ஒரு பெரிய மஞ்சள் சூரியனைப் போட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. படத்தில் ஒரு மேகம்கூட நான் வரையவில்லை. அம்மாவின் முகத்தில் மட்டும் நீலப் பேனையால் சொட்டுச் சொட்டாக வைத்திருக்கிறேன், கொழுந்திலிருந்து தெறித்த தண்ணீர் என்று. அன்றைக்கு நல்ல வெயில். கொழுந்தில் தண்ணீர் இல்லை.